ரூ. 4,895

வேதியியல் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில்
கிஃப்ட்சன் கோடு கிழித்தான்.
அவனிடம் நூற்றெண்பது.
இசக்கிதுரையிடம் எழுபது, அதில் ஓர் இருபது கிழிசல்.
என்னிடம், ஜவுளிக்கடைச் சம்பளத்தில்
அரியருக்குக் கட்டியது போக
நூற்று அறுபத்திரண்டு.

ஊருக்குப் போயிருக்கலாம், இட்டமொழிக்கு.
போனால் இருபத்தாறு காலையில்
பிறர் கலைத்த சேலைகளை மடிக்க
நான் நிற்க மாட்டேன்.
நிற்காதவனுக்கு ஜனவரி கிடையாது.

ஆகவே சமாதானபுரத்தில்
மாடித் தகரக் கொட்டகையில் கிறிஸ்துமஸ்.
மேலே மழை,
தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தது.

நட்சத்திரம் கடையில் இருநூற்றைம்பது,
வாலோடு என்றால் முந்நூறு.
"நம்மளே கெட்டிருவோம்ல" என்றான் இசக்கிதுரை,
வருசா வருசம் கொடைக்குச் சப்பரம் கட்டுகிற
வீட்டுப் பிள்ளை.
எதிர் மனையில் கிடந்த மூங்கில் சிம்பு,
மைதாப் பசை.
தாள் நான் கொண்டுவந்தேன்:
பட்டுச் சேலை மடிப்புக்குள் படுத்து வரும்
மெல்லிய ரோஸ் தாள்,
எங்கள் கடையில்
யாரும் கணக்கு வைக்காத ஒரே சரக்கு.

பல்பு?
குளியலறையில் கழற்றி
நட்சத்திரத்துக்குள் மாட்டினோம்.
எரிந்ததும்தான் தெரிந்தது
தெருப்பக்கத்து முனையில்
விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது.
ரூ. 4,895.
பிய்த்தால் தாளும் வரும்.
கிடக்கட்டும் என்றோம்.

முருகன்குறிச்சி பேக்கரியில்
பிளம் கேக்கைச் சதுரமாக நறுக்கும்போது
விழும் ஓரங்கள் எடைக்குக் கிடைக்கும்.
கொஞ்சம் கருகல்,
ஆனால் முந்திரி ஓரத்துக்குத்தான் ஒதுங்குகிறது
என்பது கிஃப்ட்சனின் ஆராய்ச்சி.

நட்சத்திரம் தொங்கும் வீட்டுக்குப்
பாட்டுக்காரர்கள் ஏறி வருவார்கள்.
இதை யாரும் ரெக்கார்டில் எழுதவில்லை.

இருபத்துநாலு ராத்திரி, பதினொன்றே முக்கால்.
நான் கடைவிட்டு வந்து கால் கழுவும்போது
படியில் கித்தார், தபேலா, நனைந்த குடைகள்,
உபதேசியார்,
அவருக்குப் பின்னால்
பஞ்சுத் தாடியும் ரப்பர் முகமூடியுமாக
கிறிஸ்துமஸ் தாத்தா.

முகமூடி சிரித்துக்கொண்டிருந்தது.
தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
அந்தச் சாய்வு எங்களுக்குத் தெரியும்.
இருபது வருசம் ரசவாளி தூக்கிய சாய்வு.
மெஸ் கோயில்பிள்ளை அண்ணாச்சி.
இரண்டு மாசப் பாக்கி, மூன்று பேருக்கும்.
பத்து நாளாக நாங்கள்
பின் தெரு வழியாகக் கல்லூரி போகிறோம்.

பாடினார்கள். தகரம் அதிர்ந்தது.
கிஃப்ட்சன் இசக்கிதுரையின் முதுகுக்குப் பின்னால்
பாடினான்.
உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்தார்:
இந்தப் பிள்ளைகளின் படிப்பை ஆசீர்வதியும்,
பெற்றோரைக் காத்துக்கொள்ளும்,
இவர்கள் மேல் இருக்கிற கடன்பாரங்களை
நீக்கிப்போடும் ஆண்டவரே.
எல்லாரும் ஆமென் என்றார்கள்.
கொஞ்சம் பிந்தி
ரப்பருக்குள்ளிருந்து ஒன்று வந்தது.

காணிக்கைப் பைக்குள் மிச்சமிருந்த நாற்பத்தொன்று.
எவர்சில்வர் தட்டில் கேக் ஓரம்.
தாத்தா முகமூடியைக் கழற்றவில்லை;
ஒரு துண்டை எடுத்து
சிவப்புச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
பிறகு மிட்டாய்.
இட்லி வைக்கிற அதே கையால்
ஆளுக்கு ரெண்டு, எண்ணி.
இசக்கிதுரைக்கு மட்டும்
கேட்காமலே இன்னொன்று,
மெஸ்ஸிலும் அப்படித்தான்.

படியிறங்கும்போது அண்ணாந்து பார்த்தார்.
"நச்சத்திரம் வெல சாஸ்தியோ?"
யாரும் வாய் திறக்கவில்லை.
"பின் தெருவுல போவாதீங்கல.
மழையில சாக்கடை தெறந்து கெடக்கு.
முன்னால வாங்க."
குடைகள் அடுத்த நட்சத்திரத்துக்கு நகர்ந்தன.

கிஃப்ட்சன் ரெக்கார்டைத் திறந்து
நாற்பத்தொன்றை எழுதி
அதன் எதிரே எதுவும் எழுதாமல் மூடினான்.

நாலரைக்கு ஆராதனை.
மூன்றரைக்கு பல்பைக் கழற்றி
குளியலறைக்குக் கொண்டுபோனேன்.
சூடு ஆறவில்லை,
சட்டை நுனியால் பிடித்துக்கொண்டேன்.