முப்பத்தொன்று உறங்கவில்லை

பிராண்டன் நகரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்துநான்கு.
மொரீன் தகாச்சுக் தன் கதிரையை
என் பக்கம் தள்ளிவிட்டு
ஹீட்டர்மேல் உட்கார்ந்தார்.

பதினாறு ஆண்டு ஆசிரியர்.
உளநலத் தாதியருக்கான காலாண்டிதழ்,
அறுபத்துநான்கு இதழ்கள்.
விருந்து நேற்றே முடிந்துவிட்டது.
கேக்கில் அவர் பெயரில் ஓரெழுத்தை விட்டிருந்தார்கள்.
திருத்தாமல் வெட்டினார்,
வாழ்நாளில் முதல்முறையாக.

நாங்கள் இருவருமே வார்டில் நின்றவர்கள்.
பொறுப்பை வேறு விதமாக ஒப்படைக்கத் தெரியாது.
ஷிப்ட் மாறும் காலை ஏழு மணிக் குரலில்
தொடங்கினார்:

"நாலாம் கட்டுரை நன்றாக உறங்குகிறது, எழுப்பாதே.
ஒன்பதை எழுதியவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது,
திருத்தம் கேட்டு நெருக்காதே.
பதினேழு சாப்பிட மறுக்கிறது,
எந்தப் புள்ளிவிவரம் ஊட்டினாலும் துப்புகிறது.
இருபத்திரண்டை எழுதியவர் தினமும் தொலைபேசுவார்.
எடுத்துப் பேசு. மனைவி போய்விட்டார்.
முப்பத்தொன்று..."

ஹீட்டர் ஒருமுறை இருமியது.

"முப்பத்தொன்று பதினொரு மாதமாக உறங்கவில்லை."

கடவுச்சொல்லை ஒரு மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதித் தந்தார்.
செத்துப்போன நாயின் பெயர்,
பின்னால் ஓர் ஆச்சரியக்குறி.
பூட்ஸை மாட்டினார். போய்விட்டார்.
கதவில் சுகிர்தா என்ற பெயர்ப்பலகை
இன்னும் வந்து சேரவில்லை.

நேற்றுவரை நான் வெறும் மதிப்பீட்டாளர்.
எழுதியவர்கள் எனக்கு எண்கள்,
அவர்களுக்கு நான் ஓர் எண்.
இன்று திரை இல்லை. எல்லாருக்கும் பெயர் இருக்கிறது.

ஓர் ஆசிரியர் செய்யக்கூடாததைத்தான்
முதலில் செய்தேன்.
ஒன்பது ஆண்டுக்கு முன் திரும்பி வந்த என் கட்டுரையைத் தேடினேன்.
இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்:
"இவருக்கு வார்டு தெரியும். எழுதத் தெரியாது."
தொண்டையில் மீன்முள்ளாய் நின்ற வரி.
பெயர்: கோர்டன் ஃப்ளூரி.

கோர்டன்.
பனியில் என் கார் செத்த இரவுகளிலெல்லாம்
வயரோடு வந்தவர்.
நேற்றைய விருந்தில் என்னை நெடுநேரம் புகழ்ந்தவர்.
தேதியைப் பார்த்தேன். நவம்பர் மூன்று, அதிகாலை இரண்டரை.
அன்று எங்கள் இருவருக்கும் இரவுப்பணி.
அவர் கவுண்டரின் அந்தக் கோடியில் தட்டிக்கொண்டிருந்தார்.
நடுவில் நிமிர்ந்து
"தேநீர் வேண்டுமா" என்று கேட்டார்.

சிரித்தேனா, தெரியவில்லை.

பிறகு முப்பத்தொன்று.
பத்தொன்பது மணிநேரம் கட்டிலில் கட்டிவைக்கப்பட்ட ஒருவர்.
ஊர் இல்லை, வார்டு இல்லை, ஆண்டு இல்லை.
மதிப்பீட்டாளர் இருவரும் வெளியிடச் சொல்லியிருந்தார்கள்.
ஆசிரியரின் கட்டம் மட்டும் காலி.
ஏழாம் பக்கத்தில் பணிக்குறிப்புகள்,
மணிக்கொன்றாகப் பத்தொன்பது முறை:
"அமைதியாக இருக்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார்."

அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
இரண்டு சொல், முற்றுப்புள்ளி. இரண்டு சொல், முற்றுப்புள்ளி.
எங்கள் பத்திகளை எல்லாம் பதினாறு ஆண்டாய்
நறுக்கிக் குட்டையாக்கிய அதே கத்தி.

கதவு திறந்தது. மொரீன். இமையில் உறைபனி.
"கார் கிளம்பவில்லை. அந்தக் கம்பத்தில் மின்சாரமே இல்லை."
கையுறையைக் கழற்றவில்லை. திரையைப் பார்த்தார்.

"வாசித்தாயா?"
"ம்."
"எந்த இதழ்?"
"அடுத்தது."

தலையாட்டினார்.
ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை, வெள்ளையைத் தவிர.
அதைத்தான் பார்த்தார், கொஞ்ச நேரம்.
"பக்கம் போதாதே" என்றார்.
"என் விடைபெறும் தலையங்கத்தை எடுத்துவிடு."

கோர்டனுக்குத் தொலைபேசினேன்.
பத்து நிமிடத்தில் வந்து நின்றார்,
தோளில் சிவப்பும் கறுப்புமாய் வயர்களைச் சுற்றிக்கொண்டு.
ஒன்பது ஆண்டாய் நான் செதுக்கிவைத்த பதில் ஒன்று
வாயருகே வந்தது.
நல்ல வாக்கியம். யாரும் நறுக்கமுடியாதது.

"தேநீர் வேண்டுமா" என்று கேட்டேன்.