சேகரித்த இடம்

கோட்டை ஸ்டேஷன் மூன்றாம் கவுண்ட்டரில்
இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கொடுத்தேன்.
இழுப்பறையில் இடப்பக்கம் சில்லறை,
வலப்பக்கம் சோழி.
அவசரத்தில் ஒருமுறை பல்லாவரம் போகிறவருக்கு
மீதியாகச் சோழியைத் தந்துவிட்டேன்.
அவரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார்,
வண்டி வந்துவிட்டது.

ஞாயிறு விடியலில் காசிமேடு.
மீன் பொறுக்கியபின் வலையில் மிஞ்சிய கழிவைக்
கோழித்தீவனத்துக்கென்று குவித்திருப்பார்கள்.
அதற்குள் கைவிட்டுத் துழாவுவேன்.
முள்சங்கு குத்தும். நண்டு கவ்வும்.
"யக்கா, இதுக்கு உனுக்கு இன்னா கூலி?"
என்பான் ஐஸ் உடைக்கிற பையன்.
திங்கட்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வரிசை மூக்கைப் பொத்தும்.

அடையாறில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சிறு அருங்காட்சியகம்.
ஐந்து ரூபாய்ச் சீட்டு வாங்கித்தான் முதலில் நுழைந்தேன்.
சிப்பி அலமாரியில் ஆறு பெயர்கள் தப்பு.
ரிசர்வேஷன் பாரத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
பதிலில்லை.
மறுவருஷம் போனால் எட்டுத் தப்பு.
மூன்றாம் கடிதத்துக்கு ஆள் வந்தது:
"நீங்களே வந்து மாத்திடுங்களேன்."
மாற்றப் போனவள்தான். வி.ஆர்.எஸ். வாங்கினேன்.
இப்போது கதவில் பித்தளையில் இருக்கிறது,
காப்பாட்சியர்.
மூன்று புள்ளிகளிலும் தூசி அடையும்,
கொண்டை ஊசியால் எடுப்பேன்.

முதல் வேலையாக என் சேகரிப்பையே தானம் கொடுத்தேன்.
ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டின்,
கோதண்டத்தின் ஷூ வந்த அட்டைப்பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு:
இனம். தேதி. சேகரித்த இடம். சேகரித்தவர்.
இடம் தெரியாத சங்கு வெறும் அலங்காரம்,
இங்கே அதற்கு இழுப்பறை கிடையாது.
நானே போட்ட விதி.

கடைசியில் அது வந்தது.
திருவான்மியூர், தொண்ணூற்று நான்கு, மாசிக் கடைசி,
கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.
பேச ஒன்றும் அகப்படாமல் நாங்கள் நடந்தபோது
காலருகே கிடந்தது, தலையில் முள்கிரீடம்,
உடம்பெல்லாம் பழுப்புக் கூடாரங்கள்.
அதற்கு முன் ஒரு கிளிஞ்சலுக்குக்கூட
நான் குனிந்ததில்லை.
அதிலிருந்துதான் எல்லாம்.
இத்தனை வருஷத்தில் அதை மட்டும்
லென்ஸில் வைத்துப் பார்த்ததில்லை.
தாலியை யாராவது உரசிப் பார்ப்பார்களா?

வைத்தேன்.
பளபளப்பு அமிலம் கொடுத்தது.
உதட்டோரம் மெஷின் ராவிய நேர்கோடு.
புத்தகம் சொன்னது: சுலு கடல், பிலிப்பைன்ஸ்.
வேறெங்கும் இல்லை.
இந்த இனத்தின் குஞ்சு நீந்தாது.
முட்டையை விட்டு வந்ததும் தவழும்,
பிறந்த மணலைத் தாண்டி வெகுதூரம் போகாது.
அது எப்படி வங்கக்கடலில் கரையேறும்?
மெரினாவில் ஏறியிருக்கும். ஒரு கடையில்,
பாசிமணிக்கும் பெயர் பொறித்த சோழிக்கும் நடுவே.

இரவு அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.
முன்னால் வைத்தேன்.
அதைப் பார்த்தார். பூண்டைப் பார்த்தார்.
"முப்பத்தஞ்சு சொன்னான்.
இருபத்தெட்டுக்குப் பேசி முடிச்சேன்."
"மண்ணுல எப்ப வெச்சீங்க?"
"நீ செருப்பு வாரைச் சரிபண்ணக் குனிஞ்சப்போ."
பிறகு ஒரு பல்லை நகத்தால் கீறியபடி,
"பெரிய காப்பாட்சியராம். இவ்ளோ நாளா?"

மறுநாள் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.
இனம் எழுதினேன். தேதி எழுதினேன்.
சேகரித்தவர் என்ற இடத்தில்
என் பெயரை அடித்து அவர் பெயரை இட்டேன்.
சேகரித்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.
எழுதக்கூடிய கடல் ஒன்று,
அங்கே எங்கள் இரண்டு பேர் காலும் பட்டதில்லை.
கால் பட்ட கரை ஒன்று,
அதை எழுதினால் என் கையாலேயே தப்பு.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியேறும் சத்தம்.
யாரோ உள்ளே வருவதற்குள் பேனாவை மூடினேன்.
கைப்பையில் போட்டுக்கொண்டேன்,
சில்லறைப் பக்கம். ஜிப் முழுக்க மூடவில்லை,
கிரீடம் இடித்தது.