கொடி அவிழும் வரை

எனக்கு ஒரே ஒரு அடிதான்.
மார்ச்சில் எல்லோரோடும் சேர்ந்து அடிப்பது
கணக்கில் வராது.
கொடி அவிழ்கிற நொடியில்
பித்தளைத் தட்டு இரண்டும் மோதி
ஊரே திரும்ப வேண்டும் என்று
அருளானந்து சார் சொல்லியிருந்தார்.
சார் அதைச் சிம்பல் என்பார்.
பையன்கள் ஜால்ரா என்பார்கள்.

புதுவயலில் வெள்ளைச் சட்டை
காலை எட்டு மணி வரைதான் வெள்ளை.
ரைஸ் மில் புகைபோக்கிகள்
உமிக்கரியைத் தூவிக்கொண்டே இருக்கும்.
எழுபத்தைந்தாம் ஆண்டாயிற்றே என்று
இரண்டு தரம் துவைத்து, நீலம் போட்டு,
தோளில் மஞ்சள் நாடா தைத்து வந்தோம்.
கரிக்கு அதெல்லாம் தெரியவில்லை.

பெரிய டிரம்முக்குத் தோல் கிழிந்து ஒரு மாதம்.
யாருடைய பிறந்தநாள் ஃபிளெக்ஸையோ
வட்டமாக வெட்டி இழுத்துக் கட்டியிருந்தான் பிச்சப்பன்.
உள்பக்கம் பாதிச் சிரிப்பும்
'த்துகிறோம்' என்ற எழுத்தும்.
அடிக்க அடிக்க
யாரோ வாழ்த்திக்கொண்டே இருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம்.
எங்களுக்குத் தெரிந்தது இரண்டே மார்ச்.
பதினோரு தரம் வாசித்தோம்.

பிறகு கயிறு.
சேவுகன் சைட் டிரம்மில் உருட்டத் தொடங்கினான்.
மெல்லத் தொடங்கி ஏற்ற வேண்டும்,
கொடி அவிழும் வரை நிறுத்தக் கூடாது.
நான் கைகளை அகல விரித்தேன்.

விருந்தினர் இழுத்தார்.
முடிச்சு இறுகியது.
தலைமையாசிரியை இழுத்தார்.
"அந்தக் கயிறு இல்ல மேடம், இந்தக் கயிறு"
என்று விருந்தினரின் டிரைவர் வந்தார்.
உச்சியில் மூவர்ணம் ஒரு பொட்டலம்.
உள்ளே செவ்வந்தி இதழ்.
நேற்று நானும் உமையாளும் உதிர்த்தது.

நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
சேவுகன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.
அவன் குச்சி தடுமாறுவதைக் கேட்டு
உமையாள் தன் டிரம்மில் சேர்ந்தாள்,
அவள் பின்னால் ரஜபுநிஷா,
கடைசியாக அந்தப் பாதிச் சிரிப்பின் மீது பிச்சப்பன்.
மணல் தரை அதிர்ந்தது.
என் தோள் எரிந்தது.
மூக்கு நுனியில் ஒரு கரித்துகள் வந்து உட்கார்ந்தது.
தட்டிவிடக் கை இல்லை.

எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டு
அண்ணாந்து பார்த்த நேரத்தில்
அது தானாக அவிழ்ந்தது.

அடித்தேன்.
அரை நொடி பிந்தி.
வாடின இதழ்கள் டிரைவர் தலையில் விழுந்தன.

தேசிய கீதம் முழுவதும்
விறைப்பாக நின்ற சேவுகனின் விரல்கள் மட்டும்
கால்சட்டையில் உருட்டிக்கொண்டிருந்தன.

வெந்த நெல்லுக்கு லீவு கிடையாது.
அம்மா மில் களத்திலிருந்து
பொழுது சாய்ந்துதான் வந்தாள், கடுகடுவென்று.
"கெழக்க விடாம இடிச்சுதுடி.
மழைன்னு ஓடி ஓடி
அம்புட்டு நெல்லையும் அள்ளிக் குமிச்சுத்
தார்ப்பாய போட்டு மூடுனோம்.
மேல பாத்தா ஒரு பொட்டு மேகம் இல்ல.
கடைசியா வெட்டுச்சு பாரு ஒரு வெட்டு,
பொன்னாத்தா காதப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா."

"அந்தக் கடைசி நான்தான்" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.
குவித்த நெல்லை மறுபடி பரப்ப
இரண்டு மணி ஆகிவிட்டதாம்.
அதற்குக் கூலி இல்லையாம்.
"எங்க, ஒருக்க அடிச்சுக் காட்டு."

சிம்பல் பள்ளி அலமாரியில் பூட்டி இருந்தது.
அம்மா எழுந்து போய்
சோற்றுத் தட்டு இரண்டைக் கழுவி எடுத்துவந்தாள்.