ஐஸ் அறைக்கு ஒரு ஜக்கெற்

பொதியின் வாரை அறுத்தால்
முதலில் வருவது மணம்.
யாருடையதோ சவர்க்காரம், யாருடையதோ அலுமாரி.
பிறகுதான் உடுப்பு.

நாவாந்துறைத் தகரக் கொட்டிலுக்குள்
என் வேலை தெறி வெட்டுவது.
நல்லதெல்லாம் அதற்கு முதலே
சுன்னாகம் சந்தைக்குப் போயிருக்கும்.
கிழிந்தது, கறை பட்டது, கழுத்து நைந்தது எனக்கு.
தெறி போத்தலில். சிப் பெட்டியில்.
வெறும் பருத்தி கிலோக்கணக்கில்
வள்ளத்து எஞ்சின் துடைக்க.
நைலோன் எண்ணெய் குடிக்காது;
முதலாளி அதைத் திட்டித் திட்டி
ஓரமாய்க் குவிப்பார்.

பொக்கற்றுக்குள் கைவிடாமல் வெட்டக்கூடாது.
பஸ் துண்டு, காய்ந்த சூயிங்கம்,
ஒருமுறை கடதாசியில் சுற்றிய பால்பல்.
எறிய மனம் வரவில்லை.
தெறிப் போத்தலுக்குள் போட்டேன்.

மாசிப் பொதியில் ஒரு சிவப்பு ஜக்கெற்.
இடது கையில் சிகரெட் சுட்ட ஓட்டை,
கடலையளவு.
தம்பி நியூட்டன் ரொறன்ரோ போன வருசம்
பனிக்குள் நின்று அனுப்பிய படத்திலும்
இதே சிவப்பு.
கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.
அந்தப் படத்தைக் காட்டித்தான் அம்மா
சீட்டுக்காரியிடம் தவணை கேட்டது.

இரவு போனில் கேட்டேன்,
"உன்ரை சிவப்பு ஜக்கெற் எங்கையடா?"
அங்கே கோப்பை கழுவுகிற மெசின் சத்தம்.
"குடுத்திட்டன் அக்கா. ஏன்?"
"புதுசில என்ன விலைக்கு வாங்கினனீ?"
"புதுசோ?"
அவன் அப்படிச் சிரித்துக் கனகாலம்.
"அது நிறுத்து விக்கிற கடையில எடுத்தது.
எனக்கு முதல் ஆர் போட்டதோ.
கையில ஓட்டை வேற."

எந்தக் கை என்று
நான் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து வெயிலில்
குளிர் ஜக்கெற் வாங்க ஒரே ஒரு ஆள்:
பாசையூர் ஐஸ் அறையில் கட்டி உடைக்கிற
பிலேந்திரன் அண்ணை.
வேர்க்க வேர்க்க சைக்கிளில் வந்தார்.
தோளளவு பிடித்துப் பார்த்தார்.
சிப் ஏறவில்லை என்று நூறு ரூபா குறைத்தார்,
மிச்சத்தில் பாதி நாளைக்கு என்றார்,
கூடவே கொஞ்சம் சூடையும் தாறன் என்றார்.

போத்தலைக் கவிழ்த்து ஐந்து தெறி தேடினேன்.
தெறிகளோடு பல்லும் விழுந்தது.
அதை மட்டும் திரும்பப் போட்டு மூடினேன்.
பச்சை, கறுப்பு, ஒரு முத்துவெள்ளை,
ஒன்றுக்கொன்று ஒத்தே வரவில்லை.

"உள்ளுக்கை இருட்டுத்தான் பிள்ளை,
தை."