பின்பக்க விசிறி

அக்னி நட்சத்திரம். சிவதாபுரம்.
மூன்று மணிக்குச் செத்துப்போகிறது கம்ப்யூட்டர்.
எச்சரிக்கை இல்லை, நீலத்திரை இல்லை,
இழுத்த மூச்சை விடாமலே
படக்கென்று இருட்டு.

திரையில் அப்போது
நூற்றிருபது சலங்கை வைத்த ஒரு கொலுசு
பாதி வெள்ளியும் பாதி சாம்பலுமாய்
வெந்துகொண்டிருந்தது.
காலைக்குள் படம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போக வேண்டும்.
“அச்சு வெட்டறவர் சும்மா உக்காந்திருக்காருங்க்கா”
ஜெயவேலு மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டான்.

எல்லாரும் சொல்லும் வைத்தியம்தான்:
மூடியைக் கழற்று, டேபிள் ஃபேனைத் திருப்பி வை.
வைத்தேன்.
வீட்டுக்குள் கிடந்த அதே சூட்டை எடுத்து
அதன் வாயில் ஊட்டியது ஃபேன்.
கரண்ட் பில் மட்டும் பறந்துபோய்க் கட்டிலுக்கடியில் விழுந்தது.
ஞாயிற்றுக்கிழமையானால்
ஏற்காடு ஏறிக் குளிர்ந்து வருகிற ஊர் இது.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
இந்தப் பெட்டியை யார் மடியில் வைத்துக்கொள்வது?

பிரித்தேன்.
வடிகட்டி வலையில்
அடுத்த தெருப் பட்டறையின் மெருகுப் பொடியும்
என் தலைமுடியும் சேர்ந்து
கம்பளி நெய்து வைத்திருந்தன,
மே மாதத்துக்கு.
பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுத்தேன்.
வயர்களை ஓரம் ஒதுக்கி
பூக்கட்டும் நாரால் கட்டினேன்.
தரையோடு தரையாய்க் கிடந்ததை
இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தேன்.
போட்டேன்.
தொண்ணூற்று நான்கு.
அதே தொண்ணூற்று நான்கு.

வெள்ளிக்கிழமை மிச்சம் ஒரு ஊதுபத்தி இருந்தது.
முன்பக்கம் காட்டினேன்,
புகை உள்ளே போனது. சரி.
பின்பக்கம் காட்டினேன்.

அங்கேயும் உள்ளே போனது.

மாட்டியது நான்தான்.
தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி,
வருகிற காற்று இரண்டு பக்கமும் வரட்டுமே,
கெட்டதா என்ன என்று.
விசிறியின் விளிம்பில் கடுகளவு அம்புக்குறி
அன்றிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.
நடுவில், கிராஃபிக்ஸ் கார்டுக்கு மேலே,
முட்டிக்கொண்டு நின்ற இரண்டு காற்றும்
போக இடமில்லாமல்
ஏழு மாதமாய் அங்கேயே குடியிருந்திருக்கின்றன.

நாலு திருகாணி. திருப்பிப் போட்டேன்.
பின்னால் நீட்டிய மணிக்கட்டில்
இட்லிப் பானையைத் திறந்ததுபோல் வந்து அடித்தது.
தொண்ணூறு. எண்பத்தைந்து. எண்பத்திரண்டு.
கொலுசின் சாம்பல் பாதியில்
ஒரு சலங்கை வெள்ளியானது.

பிறகு ஏற ஆரம்பித்தது மறுபடி.
பெட்டி விட்ட சூடு அறையில் நின்றது.
அறை விடவில்லை.

பாகம் பிரித்த வருஷம்
பின்ஜன்னலுக்குப் பலகை வைத்து அடித்தவர் என் வீட்டுக்காரர்.
அந்தப் பக்கம் அவர் அண்ணன் வீட்டு வாசல்குழாய்.
எங்கள் பேச்சு அங்கே கேட்கக் கூடாது,
அவர்கள் பேச்சு இங்கே வரக் கூடாது.
வரவில்லை, மூன்று வருஷமாய்.
அவர் வேலைக்குப் போயிருந்தார்.
ஸ்க்ரூ டிரைவர் கையில்தான் இருந்தது.

பலகை இறங்கியதும்
துணி அலசிக்கொண்டிருந்த மாதேஸ்வரி அக்கா
நிமிர்ந்து பார்த்தார்கள்.
நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
அறைக்குள்ளிருந்து மொத்தமும் அவர்கள் முகத்தில் போய் விழுந்தது.
“என்னது, இப்படி அனல் அடிக்குது?”
“கம்ப்யூட்டருங்க.”
“ம்.”
வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

எழுபத்தொன்பது.
கஞ்சமலைப் பக்கம் வெயில் இறங்கியது.
பலகையைத் திரும்ப மாட்டலாமா என்று
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்,
அவர் வருகிற நேரம்.
அப்போது ஜன்னல் திண்டில்
ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது:
ஜவ்வரிசி வத்தல், பாதி ஈரம்.
“வெயில் போயிருச்சு. அந்தப் பொட்டி ராத்திரியும் ஓடுமா?”
“ஓடுங்க.”

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன்.
எழுபத்தாறு.
இன்னும் முப்பது சலங்கை பாக்கி.
வத்தலைத் திருப்பிப் போட்டுவிட்டுப் படுத்தேன்.