அடைப்புக்குறிக்குள்

எண்பத்து நாலில், திருகோணமலை நீதிமன்றில்
எனக்குக் கொடுத்த தட்டெழுத்துப் பொறியில்
முதலில் அடித்துப் பழகியது ஒரு சட்டத்தின் பெயர்.
பயங்கரவாதத் தடை,
பிறகு அடைப்புக்குறி திறந்து
தற்காலிக ஏற்பாடுகள்,
அடைப்புக்குறி மூடி,
சட்டம்.

மூன்று வருசத்துக்குத்தான் என்றிருந்தார்கள்.
நான் வந்தபோதே அந்த மூன்றும் முடிந்திருந்தது.
அடைப்புக்குறியை எவரும் அழிக்கவில்லை.

உப்புவெளித் தவநேசனின் வாக்குமூலம்
பதினேழு பக்கம், சிங்களத்தில்.
அதை அவனுக்கே தமிழில் வாசித்துக் காட்ட
எனக்குச் சம்பளம்.
நாலாம் பக்கத்தில் கேட்டான்:
"அக்கா, இதில நான் எங்க நிக்கிறன்?"
"சீனக்குடாவில. எண்ணெய்க் குதத்துக்குப் பின்னால."
"நான் அங்க போனதே இல்லையே."
யாரோ மேசையில் பேனையைத் தட்டினார்கள்.
நான் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன்.

சந்தையில் குண்டு வெடித்த நாளில்
என் தங்கையின் ஒற்றைச் செருப்புத்தான் கிடைத்தது.
அந்த வாரம் முழுக்க
அந்தச் சட்டத்தை நான் வெறுக்கவில்லை.
இதையும் பதிவில் சேர்க்கவேண்டும்.

எண்பத்தொன்பதில் கந்தளாயிலிருந்து
குலசிறியைக் கொண்டுவந்தார்கள்.
அவனுக்கு நான் தேவைப்படவில்லை.
எழுதியிருந்தது எல்லாம் அவனுக்கு விளங்கியது,
விளங்கியதால்
இன்னும் கூடுதலாக அழுதான்.

பிறகு வருடங்கள். பொறி போய்க் கணினி வந்தது.
முற்றத்தில் புள்ளிமான்கள் படுத்து அசைபோடும்,
அவற்றிடம் அடையாள அட்டை கேட்பாரில்லை.

ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கையில், ஒரு ஈஸ்டருக்குப் பின்,
கிண்ணியா இஹ்ஸானின் வீட்டில் எடுத்ததாக
ஒரு அரபுப் புத்தகம் மேசைக்கு வந்தது.
எனக்குத் தெரியாத மொழி.
படங்கள் தெரிந்தன:
சலவை இயந்திரத்துக்கு
குழாய் பொருத்தும் விதம்.
மொழிபெயர்ப்பாளர் கொழும்பிலிருந்து வரும்வரை
அவன் உள்ளே இருந்தான்.
பதினொரு மாதம்.

போன சனிக்கிழமை மீன் சந்தையில்
தராசுக்குப் பின்னால் நரைத்த தாடி.
பாரை ஒன்றைத் தூக்கிக் காட்டி
விலை சொன்னார், குறைத்தும் தந்தார்.
காசை எண்ணும்போதுதான் கேட்டார்:

"அக்கா, அண்டைக்கு நேரம் போயிட்டுது எண்டு
கடைசிப் பக்கம் நீங்க வாசிக்கேல்ல.
அதில என்ன இருந்தது?"

"திகதி," என்றேன்.
"உங்கட கையெழுத்துக்கு ஒரு கோடு."

"அவ்வளவுதானோ," என்றார்.
கத்தியை எடுத்துச்
செதிலைச் சீவத் தொடங்கினார்.