நீளக் கட்டை

ராயக்கோட்டை மண்டித் தராசில்
ஒருநாள் விளையாட்டுக்கு வைத்துப் பார்த்தேன்.
குரோம்புக், ஒன்றேகால் கிலோ.
"இன்னிக்கு ரேட்டுக்குப் பதினஞ்சு ரூபா வரும், தர்றியா?"
என்றான் எடைபோடும் திம்மராயன்.
கொடுத்திருக்கலாம்.
இதற்குள் என்னுடையது என்று ஒன்றுமில்லை.
ஒரு பிரவுசர், ஒரு பேட்டரி,
மூடியின் மேல் மகன் ஒட்டிய பாதி டைனோசர்.

என் கணக்கெல்லாம்
ஓசூர் சிப்காட்டில், மூன்றாவது மாடியில்,
நான் இரண்டே முறை உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரே
மேசைக்கடியில் இரைந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள்.
இங்கே விரல் அழுத்தினால்
எண் அங்கே போய் விழுந்து
அதன் படம் திரும்பி என்னிடம் வரவேண்டும்.
பெரும்பாலும் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும்.
மழை நாளில்,
கெலமங்கலத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு வரும்.

கரண்ட் போகட்டும், பால் பொங்கட்டும்,
அப்படியே மூடிவிட்டு எழுந்துபோவேன்.
திரும்பி வந்து திறந்தால்
பாதியில் விட்ட ஏழு
பாதியிலேயே நிற்கும்.

விடிகாலை நாலிலிருந்து ஏழுவரை என் ஆபீஸ்.
அதற்குமேல் தக்காளி வியாபாரிகள் அத்தனைபேரும்
கோயம்பேட்டு விலை கேட்கப் போனை எடுத்துவிடுவார்கள்.
டவரில் எனக்கு நிற்க இடமிருக்காது.

மார்ச் முப்பத்தொன்று, ஆறேகால் மணி.
ஷார்ஜாவுக்குப் போன மாம்பழக்கூழ், இருநூற்றுப் பத்து டிரம்.
பில் தொகைக் கட்டத்தில் ஓர் எட்டு விழுந்தது.
இன்னோர் எட்டு.
ஐந்து ஐந்து இரண்டு, பிறகு
ஒன்பது ஒன்பதாக வரிசை கட்டி
கட்டத்தையே உடைத்துக்கொண்டு ஓடியது.
என் இரண்டு கையும் டம்ளரில் இருந்தன.

வைரஸ் என்று நினைத்தேன்.
முதலாளியோ என்று நினைத்தேன், அது இன்னும் பயம்.
அம்பை இடப்பக்கம் இழுத்தேன்,
அது வலப்பக்கம் போனது.
நோட்பேடைத் திறந்து
"யாருங்க?" என்று பெரிதாக அடித்தேன்.
அதன்பின் ஒன்றும் அசையவில்லை.
முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்
யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது
எனக்குத் தெரிந்தது.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன்.
அவர் மாடியேறி யாரிடமோ கொடுத்தார்.
"ஏம்மா,
நீ உசுரோடதான் இருக்கியா?"

கெம்பம்மா.
துணி கையில், விசைப்பலகைமேல் பாதித் தூசி.
"ரெண்டு வருசமா இந்தச் சேரைத் தொடைக்கிறேன்,
ஒருநாளும் சூடு இருந்ததில்ல.
பொட்டி மட்டும் ராவும் பகலும் ஓடும்.
யாரோ போய்ச் சேந்துட்டாங்க,
ஆபீஸ்ல மறக்காம வெளக்கு வெச்சிருக்காங்கன்னு
நெனச்சேன்.
டிவிய மூடாம போறானுங்களேன்னு
இன்னிக்குத்தான் பார்த்தேன், அம்பு தானா நடக்குது!"

சிரிப்பு வரவில்லை உடனே.
நாற்காலியைத் துடைக்கும்போது
எதை வேண்டியிருப்பாள் எனக்காக என்று
கேட்கவும் வாய் வரவில்லை.
எட்டையும் ஒன்பதையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

"அப்ப நாளையிலருந்து தொடைக்கணுமா, வேணாமா?"
தொடைங்க.
"தொடைக்கசொல்ல ஒனக்குச் சொல்லணுமே.
எந்தக் கட்டைய அமுக்கினா ஒனக்கு நஷ்டமில்ல?"
கீழே நீளமா ஒண்ணு இருக்கு பாருங்க.
"இதுல எழுத்தே காணோமே."
அதுதான்.

இப்போதெல்லாம் ஆறு பத்துக்கே
கணக்கைச் சேமித்துவிட்டு
நோட்பேடில் வெறும் பக்கத்தைத் திறந்து வைக்கிறேன்.
துடித்து நிற்கும் கோடு
ஒரே ஓர் எட்டு
வலப்பக்கம் நகரும்.
கையை எடுத்துக்கொள்வேன்.
வெளியே தக்காளி லாரி ஒன்று
பின்பக்கமாக வருகிறது,
"வா, வா, வா" என்று யாரோ தட்டுகிறார்கள்.